ஸ்பிட்ஃபயரின் கிளட்ச் இணைப்பைப் பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசை நீளமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளட்ச் மிதி தரையைத் தொட்டிருக்கிறது, முதல் கியரில் வண்டி நிற்கிறது, ஆனாலும் மெல்ல முன்னால் ஊர்கிறது. பிரேக்கை அழுத்தினால் இன்ஜின் திணறுகிறது. கியரை நியூட்ரலுக்கு எடுக்கப் பார்த்தால் பிடித்த பிடியை விட மறுக்கிறது. நம் மெக்கானிக்குகள் இதைத்தான் 'கிளட்ச் கட் ஆகல' என்பார்கள். ஸ்லிப் ஆகும் கிளட்ச் வேறு, கட் ஆகாத கிளட்ச் வேறு. முன்னது சக்கரத்துக்கு வேகத்தைக் கொடுக்காது. பின்னது கொடுப்பதை நிறுத்தாது. என் வண்டிக்கு வந்தது இரண்டாவது.

வண்டி 1968-ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற கார். 1296 சிசி இன்ஜின், நான்கு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் கியர் சேர உதவும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் கொஞ்சம் ஏமாற்றினாலும் முதல் கியர் கர்ரென்று கத்தி ஊருக்கே சொல்லிவிடும். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி இது. நம் ஊருக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. மெட்ராசை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தயாரித்த ஹெரால்டு கார் இதற்கு அக்கா முறை. ஸ்பிட்ஃபயரின் சட்டகம் ஹெரால்டின் சட்டகத்திலிருந்து வந்தது, இரண்டின் உடலையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்செலோட்டி. கிளட்ச் இயங்கும் விதமும் ஒன்றுதான். ஹெரால்டைக் கழற்றிப் பழகிய கை எங்காவது மிச்சம் இருந்தால், அந்தக் கைக்கு இந்த வண்டி புரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டபோது ஐந்து வழிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றையும் சொன்னவர் அதில் உறுதியாக இருந்தார். மூன்று மாதம் அலைந்து, அளந்து, கடைசியில் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் விசை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். மிதி மேலே ஒரு தண்டில் தொங்குகிறது. அந்தத் தண்டுக்குச் சற்றுக் கீழே மிதியில் ஒரு துளை. அதில் ஒரு பின். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுதண்டு முனையில் இருக்கும் யோக், அதாவது இரண்டு காதுள்ள கவட்டை, அந்தப் பின் வழியாக மிதியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் தள்ளும் எண்ணெய் குழாய், ஹோஸ் வழியாக கியர் பாக்ஸின் முன்கூட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. ஸ்லேவின் தண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. அப்போதுதான் கிளட்ச் பிளேட் விடுபடும்.

இந்தச் சங்கிலியில் எங்கே அசைவு தொலைகிறது என்பதுதான் கேள்வி. இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கும் தாமதமாகத்தான் உறைத்தது. ஸ்லேவ் சிலிண்டருக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் உண்டு. அது பிஸ்டனை எப்போதும் தண்டோடு, தண்டை நெம்புகோலோடு ஒட்டியே வைத்திருக்கும். அதனால் ஸ்லேவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், பிஸ்டன் சற்று முன்னே தள்ளி உட்கார்ந்து அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும். மிதிப் பக்கத்தில் இந்த உதவி இல்லை. அங்கே பின் தேய்ந்தால் தேய்ந்த அளவு முழுவதும் வீண். கால் அழுத்துகிறது, மிதி இறங்குகிறது, தண்டு நகரவில்லை.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். என் வண்டியில் மிதி தொங்கும் தண்டிலிருந்து பின் வரை ஒரு பங்கு என்றால், காலை வைக்கும் இடம் வரை ஐந்து பங்கு. பின்னிலும் துளையிலும் சேர்ந்து 2.3 மி.மீ. பிளே, அதாவது தளர்வு, இருந்தது. காலடியில் அது 11.5 மி.மீ. ஆகிறது. அரை அங்குலத்தைவிடச் சற்றுக் குறைவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மிதி சும்மா இறங்கிய பிறகுதான் வேலையே தொடங்குகிறது. மாஸ்டர் சிலிண்டரைவிட ஸ்லேவின் துளை பெரிது என்பதால் மாஸ்டர் 10 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் ஏறக்குறைய 7 மி.மீ.தான் நகரும். அப்படிப் பார்த்தால் தேய்ந்த ஒரு பின்னால் மட்டும் ஸ்லேவ் தண்டில் 1.6 மி.மீ. போச்சு. கிளட்ச் கட் ஆவதற்கும் ஆகாமல் இருப்பதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

சரி, இனி வழிகள்.

எல்லாரும் முதலில் சொல்வது, மாஸ்டர், ஸ்லேவ் இரண்டையும் புதிதாகப் போடு என்பது. டிரையம்ப் வண்டிகளுக்கு இங்கிலாந்தில் இன்னும் பெரும்பாலான உதிரிபாகங்களைச் செய்கிறார்கள், பவுண்டில் விலை, மேலே கூரியர், சுங்கவரி. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் இதையே செய்திருந்தார். பில் வண்டிக் காகிதங்களோடு என்னிடம் இருக்கிறது. சிலிண்டர் பளபளவென்று புதிது, அதைத் தள்ளும் பின் பழையது. நோய் அப்படியே இருந்தது. எண்ணெய் கசிந்தால் மட்டும் இந்த வழி சரி. மாஸ்டர் கசிந்தால் மிதிக்கு மேலே இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கும், சில நேரம் மிதி வழியாக வழிந்து கால் பாயையே நனைத்திருக்கும். ஸ்லேவ் கசிந்தாலும் அதன் உறைக்குள் தெரியும். இரண்டும் காய்ந்திருந்து, தொட்டியில் எண்ணெய் மட்டமும் குறையவில்லை என்றால் சிலிண்டரை முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பழைய சிலிண்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ பித்தளையிலோ உள்ளே ஒரு ஸ்லீவ் (உள்குழாய்) போட்டு மறுபடி பயன்படுத்துவதும் உண்டு. நல்ல வழிதான். துளையை லேத்தில் கடைந்ததோடு விட்டுவிடாமல் ஹோனிங் செய்து கண்ணாடி போல வழவழப்பாக்க வேண்டும். கடைசல் வரிகள் மிச்சமிருந்தால் கப் வாஷரை, அதாவது பிஸ்டனின் ரப்பர் சீலை, சில மாதத்தில் தின்றுவிடும். ஓசூரில் துல்லிய வேலை செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஹோனிங் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது வழி, நீளத்தைக் கூட்டக் குறைக்க முடிகிற தள்ளுதண்டு. யோக்கை வெட்டி நடுவே மரை போட்டு, லாக் நட் வைத்துவிடுவது. அரை நாள் வேலை, செலவும் சொற்பம், பலனும் உடனே தெரியும். மிதி உயரும், கியர் விழும். அதனால்தான் இதை விரும்புகிறார்கள். எனக்கு இதில் இரண்டு தயக்கம். ஒன்று, தேய்மானம் தேய்மானமாகவே இருக்கும். நாம் அதை மறைத்து வைக்கிறோம், அவ்வளவுதான். துளை இன்னும் நீள்வட்டமாகிக்கொண்டே போகும், ஒருநாள் பின் அறுந்தால் அது எந்த இடத்தில் அறும் என்பது நம் கையில் இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரிகள் இருக்கும்போது, கியரை இறக்கக் கிளட்ச் இல்லை என்றால் என்ன ஆகும் என்று சேலம் சாலையில் போய்ப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னால் வந்தால்தான் தொட்டியோடு இருக்கும் வழி திறக்கும். தண்டை ஒரு நூல் அளவு அதிகமாக நீட்டிவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, வழி திறக்காது. இன்ஜின் சூட்டில் எண்ணெய் விரியும்போது போக இடமில்லாமல் ஸ்லேவைத் தள்ளத் தொடங்கும். கட் ஆகாத கிளட்சுக்கு வைத்தியம் பார்த்து ஸ்லிப் ஆகும் கிளட்சை வாங்கிக்கொள்வோம். அப்படிப்பட்ட தண்டு போட்டே ஆக வேண்டும் என்றால், மிதி மேலே ஓய்வாக நிற்கும்போது தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ. அளவாவது பிளே விடுங்கள்.

ஸ்லேவ் பக்கத் தண்டை நீட்டச் சொல்பவர்களும் உண்டு. மேலே சொன்ன அந்த ஸ்பிரிங்கை நினைத்துப் பாருங்கள். தண்டை 5 மி.மீ. நீட்டினால் பிஸ்டன் 5 மி.மீ. பின்னால் போய் உட்காரும். தள்ளும் தூரம் அதேதான். பிஸ்டன் சிலிண்டரின் வாயை எட்டி முட்டும் அளவுக்கு எல்லாம் தேய்ந்திருந்தால் தவிர இதனால் பயனே இல்லை.

மூன்றாவது, நான் செய்தது. பின், மிதித் துளை, யோக் துளைகள் என்று தேய்ந்த மூன்று இடத்தையும் சரிசெய்வது.

காவேரிப்பட்டணம் போகும் சாலையில் ஒரு லேத் பட்டறை. டிராக்டர், கம்ப்ரசர், கிரானைட் அறுக்கும் இயந்திரங்கள் இவற்றுக்கான பின், புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) செய்கிறவர். கல் தூசி படிகிற இடத்தில் இரும்பும் இரும்பும் உரசினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிற மனிதர். மிதியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"துளை ஒரு பக்கம்தான் போயிருக்குது தம்பி. தள்ளுற பக்கம்."

வெல்டு வைத்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளை போட்டால் போதாதா அண்ணா என்று கேட்டேன். பெங்களூரில் ஒருவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"போடலாம். வெல்டு வெச்ச இடம் ஒரு மாதிரி, பக்கத்துல ஒரு மாதிரி இருக்கும், டிரில் வழுக்கிட்டுப் போயிரும். அதையும் மீறி நல்லாப் போட்டாலும் தேயறது மிதிதான். புஷ் போட்டா தேயறது புஷ்ஷு. அடுத்த தடவ நீங்க வந்தா தட்டி எடுத்துட்டு வேற போட்டுக் குடுத்துருவேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு முடிவு கிடைத்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே இந்த மிதியில் வெறும் துளைதான், இரும்பில் இரும்பு. ஆகவே கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் போடுவது பழுது பார்ப்பதோடு நிற்கவில்லை, புது வண்டியில் இருந்ததைவிட ஒரு படி மேல்.

செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடக்கும் இடங்கள் இதில்தான் இருக்கின்றன. மிதியை வெளியே எடுத்ததும் துளையின் பழைய மையத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தேய்ந்தது ஒரு பக்கம் என்பதால் தேயாத பக்கத்தின் வளைவை வைத்து மையம் குறிக்கலாம். நீள்வட்டத்தின் நடுவை மையம் என்று எடுத்துக்கொண்டால் துளை இடம் மாறிவிடும், மிதியின் உயரமும் மாறும். பின் 5/16 அங்குலம், அதாவது ஏறக்குறைய 8 மி.மீ. புஷ்ஷின் வெளிவிட்டம் 12 மி.மீ. வைத்தோம். துளையைப் பெரிதாக்கிய பிறகு சுற்றிலும் 5 மி.மீ.க்குக் குறையாமல் இரும்பு மிச்சம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொண்டோம். அது இல்லாத மிதிக்குப் புஷ் போடக் கூடாது. பக்கத்தில் ஒரு தடித்த வாஷரை வெல்டு வைத்துக் கனம் சேர்த்த பிறகுதான். டிரில்லோடு நிறுத்தாமல் ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு வழவழப்பாக்கும் கருவி) விட்டு, புஷ்ஷை இறுக்கமாக ஏற்றி, உள்துளையைக் கடைசியாகப் பின்னுக்கு ஏற்ற மாதிரி இன்னொரு முறை ரீமர் விட்டார். முதலிலேயே உள்துளையை முடித்துவிட்டு ஏற்றினால், ஏற்றும் அழுத்தத்தில் அது சுருங்கிவிடும்.

பின் சில்வர் ஸ்டீலில் கடைந்தது. யோக்கின் இரண்டு காதுகளும் மெலிதாக இருந்ததால் அங்கே புஷ்ஷுக்கு இடமில்லை. அதற்குப் புதிய யோக்கே செய்து தண்டோடு இணைத்தார், பின் யோக்கில் இறுக்கமாகவும் புஷ்ஷில் சுழலும்படியும். கிரீஸ் போக மிதியின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. மிதி தொங்கும் மேல் தண்டின் புஷ்ஷும் பக்கவாட்டில் ஆடியது, அதையும் மாற்றியாயிற்று. எல்லாம் சேர்த்து லேத் கூலி, பொருள் உட்பட 1,800 ரூபாய்.

செலவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, வண்டியில் எதையும் வெட்டவில்லை என்பது. நாளைக்கு ஒருவர் பழைய மாதிரியே வேண்டும் என்றால் புதிய மிதி ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஐம்பது வருடம் தாண்டி வந்த ஒரு பொருளை நாம் கொஞ்ச காலம் வைத்திருக்கிறோம், அதில் திருப்ப முடியாத வேலை செய்யும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்தக் காரணத்தால்தான் நான்காவது வழியை ஒதுக்கினேன். எண்ணெயே வேண்டாம், கேபிள் போட்டுவிடலாம் என்ற யோசனை அது. நியாயமாகச் சொன்னால் அதற்கும் ஒரு பலம் உண்டு. மாருதி 800-இல் இருப்பது கேபிள் கிளட்ச்தான், அந்த கேபிள் ஊத்தங்கரையிலும் கிடைக்கும், பாலக்கோட்டிலும் கிடைக்கும். நடுவழியில் நின்றால் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம். ஆனால் ஸ்பிட்ஃபயரின் ஸ்லேவ் நெம்புகோலைத் தள்ளுகிறது, கேபிள் இழுக்கத்தான் செய்யும். திசையை மாற்ற இன்னொரு நெம்புகோல், அதற்கு ஒரு பிராக்கெட், அந்தப் பிராக்கெட்டுக்குத் தாங்குதல் என்று வேலை வளரும். புதிய மூட்டு ஒவ்வொன்றும் தேயும் இடம் ஒன்று கூடுவதுதான். இன்ஜினுக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் துளை போட வேண்டும், கேபிளின் முழு இழுவிசையையும் அந்தத் தகடு தாங்க வேண்டும். அது நெளிந்தால் மறுபடியும் அசைவு தொலையும்.

தகடு நெளிவது எண்ணெய் கிளட்சிலும் நடக்கும் என்பதால் இதை எல்லாருமே பார்த்துவிடுவது நல்லது. ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைக் கவனியுங்கள். சிலிண்டரே முன்னால் சாய்ந்தால் தகட்டில் துருவோ விரிசலோ இருக்கலாம்.

ஐந்தாவது, கியர் பாக்ஸின் உள்தண்டைச் சுற்றியே உட்காரும் ஸ்லேவ் சிலிண்டர். நெம்புகோலே தேவையில்லை. ஐந்து கியர் பாக்ஸுக்கு மாற்றுகிறவர்கள் இதைப் போடுகிறார்கள். அழகான அமைப்பு. ஆனால் ஒரு சொட்டு கசிந்தாலும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். கியர் பாக்ஸை மாற்றும் எண்ணம் இல்லாதவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

கியர் பாக்ஸை இறக்குவது என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்.ஜி.பி. போன்ற வண்டியில் கிளட்சைத் தொட இன்ஜினே வெளியே வர வேண்டும். ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் இருக்கையைக் கழற்றி, நடுவில் இருக்கும் டனல் மூடியை எடுத்துவிட்டு, கியர் பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே தூக்கிவிடலாம். குழி வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், பலமுள்ள இரண்டு பேர் போதும். அதனால் நெம்புகோல் பின்னோ ரிலீஸ் பேரிங்கோ போயிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் மிதிப் பக்கத்தை முடிக்காமல் அதற்குள் இறங்காதீர்கள். பேரிங் சத்தம் போட்டால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, டிரையம்ப் வைத்திருப்பவர் யாரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தாங்குவது பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் அரை நிலா வடிவ திரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்தால் கிராங்க் நகரும், கிளட்சின் அசைவில் ஒரு பகுதி அங்கேயும் தொலையும். இன்னும் தேய்ந்தால் வாஷர் கழன்று சம்ப்பில் (இன்ஜினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில்) விழுந்து, கிராங்க் இன்ஜின் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முன்பக்க புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் போவது கண்ணுக்குத் தெரிந்தால் கிளட்ச் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். என் வண்டியில் அசைவு இல்லை. இருந்தாலும் இப்போது சுங்கச்சாவடியில் கிளட்சை மிதித்தபடி காத்திருப்பதில்லை, நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிடுகிறேன்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். பழுது பார்ப்பதற்கு முன் ஸ்லேவ் தண்டு நகர்ந்தது 9.5 மி.மீ. பின், புஷ், யோக் மூன்றையும் மாற்றிய அன்றே 11.1. அதற்கு மேல் ஏறவில்லை. இன்னும் எங்கோ தொலைகிறது என்று ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னேன். ஹோஸ் விரலுக்குள் புடைத்தது. சிலிண்டர்களை மாற்றியவர் ஹோஸை விட்டுவைத்திருந்தார். புதிய ஹோஸ், புதிய டாட் 4 எண்ணெய், காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கும்படி ஸ்லேவைத் திருப்பி வைத்து ப்ளீடிங் செய்ததும், அதாவது எண்ணெயில் இருக்கும் காற்றை வெளியேற்றியதும், 12.4 மி.மீ. நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை முறை ப்ளீடிங் செய்தாலும் காற்று சிலிண்டரின் தலையிலேயே தங்கிவிடும். டாட் 4 பெயிண்டைத் தின்னும், சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிலிக்கான் எண்ணெயான டாட் 5 பெயிண்டுக்கு ஆகும், ஈரமும் இழுக்காது, ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது; மாறுவது என்றால் குழாய், சீல் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டுத்தான்.

உங்கள் வண்டியில் எண்ணெய் கசிந்தால் சிலிண்டரில் தொடங்குங்கள். கசியவில்லை, மிதியைக் கையால் ஆட்டினால் பின்னில் டொக்கென்று சத்தம் வருகிறது என்றால் லேத்துக்குப் போங்கள். பின் நன்றாக இருந்தும் மிதி மெத்தென்று இறங்கினால் காற்றும் ஹோஸும். மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டி ஒருநாள் திடீரென்று கட் ஆக மறுத்தால் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம், அதற்கு இவை எதுவும் மருந்தல்ல. நீளம் மாற்றும் தண்டை இதையெல்லாம் முடித்த பிறகு, கடைசி 1 மி.மீ.யைச் சரிசெய்யும் கருவியாக வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

போன மாதம் தர்மபுரி வழியாகத் தொப்பூர் இறங்கி சேலம் போய் வந்தேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு விரலால் தள்ளினாலே விழுந்தது. பட்டறை அண்ணன் அன்று புஷ் கடையும்போது ஒன்றுக்கு இரண்டாகவே கடைந்து கொடுத்தார். மீதி ஒன்று வண்டியின் சாமான் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது. ஓசூரில் ஹெரால்டு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மிதித் துளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சுற்றிலும் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்த பிறகு கொடுக்க வேண்டும்.